ஓசிக்கும் ஓபிக்கும் நடுவே ஒரு மண்மேடு

நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். தொப்பூர்க் கணவாயில், ஆறு மூங்கிலும் தென்னங்கீற்றுமாக ஒரு டீக்கடை. ஆடிக் காற்று அதைத் தூக்கிப் பள்ளத்தில் போட்டதும், அதே இடத்தில் ஓடு போட்ட சாப்பாட்டுக் கடை. ஏரியூர்ப் பக்கம் எங்கள் மானாவாரிக் காட்டில், நீரோட்டம் பார்க்க வந்தவர் கைவிரித்துவிட்டுப் போன பாறையில், வெடி வைத்து இறக்கிய கிணறு. தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இரண்டு மாடி லாட்ஜ். மூன்று பெண்களையும் ஒரு பையனையும் படிக்கவைத்து, நாலு பேர் எழுந்து நின்று பேசுகிற உத்தியோகத்தில் உட்காரவைத்தது. இத்தனையும் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, அடுத்தவர் காட்டில் கடலைக்காய் பிடுங்கப் போனவன் செய்தது. கை கொடுத்தவர் யாரும் இல்லை. கால் வாரியவர்கள் உண்டு. அதில் ஒருவரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், அறுபதுகளில், நான் ஒரு மண்மேடு கட்டினேன். கிணற்றையும் லாட்ஜையும் என்னுடையது என்று ஊர் ஒத்துக்கொள்கிறது. மண்மேட்டை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது.

சென்ற வருஷம் லாரிக்காரர்கள் சங்கத்தில் ஒரு மலர் போட்டார்கள். வழவழப்பான தாள், விளம்பரமே பாதி. அதில், அந்தக் காலத்தில் எங்கள் சாலைக்கு ஓவர்சியராக இருந்து, பிறகு பெரிய பதவிக்குப் போய் ஓய்வு பெற்றவர் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். கணவாயில் பிரேக் பிடிக்காமல் வரும் லாரிகளைத் தடுத்து நிறுத்த வளைவில் மண்மேடு அமைக்கும் யோசனை தனக்கு எப்படி உதித்தது என்று இரண்டு பக்கம். என்னைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. ஓசி டீ கொடுத்துக் கூட்டம் சேர்த்துக்கொண்டு, பகலெல்லாம் புளியமரத்தடியில் ஓபி அடித்துக்கொண்டிருந்த ஒரு கடைக்காரர் அங்கே இருந்தாராம். என் மருமகன் அதைச் சத்தமாகப் படித்தான். 'ஓபி' என்ற இடம் வந்ததும் குரலைத் தாழ்த்தினான். தாழ்த்தாதே, திரும்பப் படி என்றேன்.

ஓசி, ஓபி. இரண்டும் வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போன இரண்டிரண்டு எழுத்து. காதில் விழும்போது அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அந்த மனுஷர் இரண்டையும் ஒரே வரியில் என் தலையில் கட்டிவிட்டார். படித்தவர். இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் எழுதியிருக்க மாட்டார். தெரிந்துதான் எழுதியிருக்கிறார்.

எனக்கு அந்த வார்த்தைகளைச் சொல்லிக்கொடுத்தவர் பட்டாளத்திலிருந்து வந்து லாரி ஓட்டிய ஒரு டிரைவர். மீசையில் டீ படாமல் குடிக்கத் தெரிந்த ஒரே ஆள்.

"ஓசின்னா, கம்பெனிக்காரன் காலத்துல ஸ்டாம்பு ஒட்டாத கவரு மேல குத்தற முத்திரைப்பா. முத்திரை இருந்தா காசில்லாம போவும்" என்றார்.

"அப்ப ஓபின்னா என்னாங்க?"

"அதுக்கு முத்திரை கெடையாது. முத்திரை குத்தறவன் தூங்கிட்டான்."

கடையே சிரித்தது. நான் சிரிக்காமல் யோசித்தேன். ஓசிக்கு இரண்டு பேர் வேண்டும், கொடுக்கிறவன் ஒருவன், வாங்குகிறவன் ஒருவன். இருவருக்கும் தெரிந்து நடக்கிற காரியம் அது. வெட்கம் இருந்தாலும் திருட்டு இல்லை. ஓபி அப்படி இல்லை. அதற்கு ஒரு வேலை வேண்டும், அந்த வேலைக்குச் சம்பளம் வேண்டும், சம்பளம் கொடுக்கிறவனுக்குத் தெரியாமல் நிழல் வேண்டும். நான் பிறந்ததிலிருந்து ஒருவனிடமும் மாதச் சம்பளம் வாங்கியது கிடையாது. சம்பளமே இல்லாதவன் ஓபி அடிப்பது எப்படி? இதை அந்த மனுஷரிடம் நேரிலேயே ஒருமுறை கேட்டிருக்கிறேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கணவாயைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தருமபுரியிலிருந்து சேலம் போகிற லாரி, தொப்பூரில் மலை இறங்க வேண்டும். அன்றைக்குச் சாலை அகலம் குறைவு. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். இறக்கம் தொடங்கும் இடத்தில் டிரைவர்கள் வண்டியை நிறுத்தி, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைத்து, சூடம் கொளுத்திக் கும்பிடுவார்கள். கும்பிட்டுவிட்டு ஏறி உட்கார்ந்து, டீசலை மிச்சம் பிடிப்பதற்காக இன்ஜினை அணைத்து நியூட்ரலில் விடுவார்கள். சாமியை வேண்டிக்கொண்ட அதே கை கியரைத் தள்ளும். வண்டி தன் பாரத்தில் தானே உருளும். பிரேக் மேல் பிரேக் மிதித்து மிதித்து அது சூடேறி, மூன்றாவது வளைவு வரும்போது மிதித்தாலும் பிடிக்காது. என் கடை அந்த மூன்றாவது வளைவில் இருந்தது.

கடை போட்ட முதல் வருஷத்திலேயே மூன்று லாரி பள்ளத்தில் விழுந்ததைப் பார்த்தேன். கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் புளியமரத்தடியில் உட்கார்ந்து, இறங்குகிற ஒவ்வொரு வண்டியின் சக்கரத்தையும் பார்க்க ஆரம்பித்தேன். எங்கே டிரைவர் பிரேக் மிதிக்கிறான், எங்கே புகை வாசம் வருகிறது, பிடிக்காத வண்டி சாலையை விட்டு எந்த இடத்தில் விலகுகிறது. சாலையில் சுண்ணாம்பால் கோடு போட்டு வைப்பேன். நாலு மாதம் இதுதான். பார்க்கிறவர்களுக்கு ஒருவன் மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருப்பதுபோலத்தான் தெரியும். என் வீட்டுக்காரியே கேட்டாள்.

"ஏங்க, எல்லாரும் கேக்கறாங்க. உங்க வூட்டுக்காரரு ரோட்ட எண்ணிட்டு ஒக்காந்திருக்காராமேன்னு. நான் என்னான்னு சொல்லட்டும்?"

"எண்ணி முடிஞ்சதும் சொல்றேன்னு சொல்லு" என்றேன்.

எண்ணி முடிந்தது. தப்பி ஓடுகிற எல்லா வண்டியும் வளைவின் வெளிப்பக்கம் ஒரே இடத்தில்தான் சாலையை விட்டது. அந்த இடத்தில், பள்ளத்தின் விளிம்பில் இருந்த வழுக்குப் பாறைக்கு முன்னால் கொஞ்சம் சமதரை இருந்தது. அங்கே ஆள் உயரத்துக்குப் பொலபொலவென்று மண் இருந்தால் வண்டி அதில் மூக்கைக் குத்தி நிற்கும். வயலில் ஓடுகிற மாட்டை உழுத சேறு நிறுத்துகிற மாதிரி. என்ஜினீயர் படிப்பு படித்தவருக்கு உதித்ததாக மலரில் எழுதியிருக்கிற யோசனை இதுதான்.

மண்ணுக்கு எங்கே போவது? அங்கேதான் ஓசி வருகிறது. மலை ஏறி வருகிற காலி லாரிகள் என் கடையில் நிற்கும். பாடியில் முந்தின பாரத்தின் மிச்சம் கிடக்கும். மணல், ராகித் தவிடு, நெல் உமி, புளியங்கொட்டை, செங்கல் தூள். கிளீனர்கள் அதைக் கூட்டிப் போகிற வழியில் எங்கேயாவது தள்ளுவார்கள். நான் ஒரு வழக்கம் உண்டாக்கினேன். பாடியைக் கூட்டி அந்தக் குப்பையை வளைவில் தட்டுகிறவனுக்கு டீ சும்மா. வண்டிக்கு இரண்டு டீ, டிரைவருக்கும் கிளீனருக்கும். மணல் லாரிக்காரன் நாலு கூடை மணலோடு வந்தால் போண்டாவும் உண்டு.

"அண்ணா, ஓசி டீ கடை இதுதானா?" என்று கேட்டுக்கொண்டே வருவார்கள்.

"ஓசி இல்லப்பா, கூலி. தட்டிட்டு வா, அப்புறம் குடி."

"குப்பைக்கு டீயா? எங்க மொதலாளி டீயக் குடுத்துட்டுக் குப்பைய வாங்கறவன் இல்ல, குப்பையவே டீன்னு குடுக்கறவன்."

இப்படிப் பேசிப் பேசி, இரண்டு வருஷத்தில் வளைவில் ஒரு மேடு எழுந்தது. மழை அதைக் கரைக்கும், நான் மண்வெட்டியால் மறுபடி ஏற்றுவேன். கீழே தவிடும் உமியும் இருந்ததால் மெத்தை மாதிரி அமுங்கும். என் கையால் ஏற்றியது பாதி, என் டீயால் ஏறியது பாதி.

ஓசி டீ குடித்துவிட்டு ஒரு பிடி மண்கூடத் தட்டாத ஆள் ஒருவர் இருந்தார். ஜீப்பில் வருவார். எதிர்ப்பக்கம் பாறை நிழலில் ஜீப்பை நிறுத்துவார். கதவின்மேல் இரண்டு காலையும் தூக்கி வைத்து, முகத்தில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு தூங்குவார். பதினோரு மணிக்கு ஒரு டீ, மூன்று மணிக்கு ஒரு டீ, பணம் பற்றி அவரும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. அவர்தான் ஓவர்சியர். சாலைப் புறம்போக்கில் கடை வைத்திருக்கிறவன் ஓவர்சியரிடம் டீக்குக் காசு கேட்பதில்லை. ஓசியையும் ஓபியையும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டுமானால் அந்த ஜீப்புக்குள் பார்த்திருக்கலாம்.

ஒரு நாள் காலையில் அவர் தூங்காமல் வந்தார். சாலை கேங் ஆட்களைக் கூடவே கூட்டிவந்தார். கேங் என்றால் மேஸ்திரி ஒருவர், ஆண்கள் ஐந்து பேர், கூடை தூக்கப் பெண்கள் ஆறு பேர். மறுநாள் சாயங்காலம் பெரிய என்ஜினீயர் சாலை பார்க்க வருகிறாராம்.

"இது யாருய்யா இங்க மண்ணக் கொட்டி வெச்சிருக்கறது?" என்றார், இரண்டு வருஷமாக அதன் எதிரிலேயே தூங்கியவர்.

"நாந்தாங்க சார். பிரேக் இல்லாம வர்ற வண்டிக்காக" என்றேன்.

"உன்னை யாரு கேட்டா? வேல வெட்டி இல்லாம மரத்தடியில ஓபி அடிக்கறதுக்கு ரோட்ட ஆக்கிரமிப்பு பண்ணி வெச்சிருக்கிறியா? நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள இது இங்க இருக்கக் கூடாது. அள்ளிப் பள்ளத்துல தள்ளுங்க."

அப்போதுதான் கேட்டேன். "சார், சம்பளம் வாங்காதவன் ஓபி அடிக்கறது எப்படிங்க?"

கேங் பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை அவர் சாகும்வரை மறக்க மாட்டார் என்று அப்போதே எனக்குத் தெரிந்தது. "மேட்டோட சேத்து உன் கடையையும் அள்ளச் சொல்லட்டுமா?" என்றார். பெரிய என்ஜினீயரை அழைத்துவர ஜீப் போய்விட்டது; மறுநாள் சாயங்காலம்வரை அந்தப் பக்கம் திரும்பவில்லை.

மேஸ்திரி நல்ல மனுஷர். தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் என்னா தம்பி பண்ணட்டும். அள்ளலைன்னா எங்களுக்கு ஆஜர் கெடையாது, கூலியும் கெடையாது. மேடு உன்னுது, வயிறு எங்களுது."

"அள்ளுங்க. வேணான்னு சொல்லல. ஆனா மொதல்ல ஒரு டீ குடிச்சிட்டு அள்ளுங்க" என்றேன்.

பெரிய என்ஜினீயர் வந்து என் மேட்டைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று முடிவு பண்ணினேன். அதற்கு மேடு அடுத்த நாள் சாயங்காலம்வரை தாங்க வேண்டும். பன்னிரண்டு பேர் மூச்சுப் பிடித்து அள்ளினால் அன்று பொழுது சாய்வதற்குள் தரை தெரிந்துவிடும். ஆக, அவர்களை அள்ளவிடக் கூடாது. அள்ளாதே என்றும் சொல்லக் கூடாது.

பத்துக் கூடை அள்ளியதும் டீ. அடுத்த பத்துக்கு அவித்த கடலைக்காய். வீட்டுக்காரி புரிந்துகொண்டாள். பெரிய அண்டாவில் ராகிக் களி கிண்டினாள், அவரைக்கொட்டைக் குழம்பு வைத்தாள். பெண்களுக்கு வெற்றிலை. களி தின்ற வயிற்றோடு வெயிலில் குனிய முடியாது, மரத்தடியில் கொஞ்ச நேரம் சாய்ந்தார்கள். மேஸ்திரி எழுந்து, "போதும்மா, எந்திரிங்க" என்பார். நான் அவருக்கு மட்டும் ஏலக்காய் தட்டிப் போட்ட டீ நீட்டுவேன்.

"தம்பி, நீ எங்களை ஓபி அடிக்க வெக்கற" என்றார் மேஸ்திரி.

"ஆமாங்க. நீங்க அடிக்கிறது ஓபி. நான் குடுக்கறது ஓசி. ரெண்டும் சேந்தாத்தான் இந்த மேடு நிக்கும்."

அவர் டீயைக் குடித்துவிட்டு மறுபடி மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகு நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கூடைகள் பாதி பாதியாக நிரம்பின. ஒரு கூடையைத் தூக்க இரண்டு பேர் வந்தார்கள். அன்று முழுக்க, மறுநாள் மத்தியானம்வரை அள்ளியும் மேட்டில் பாதி அப்படியே நின்றது. என் வாழ்க்கையில் ஓபி என்ற ஒன்றுக்கு நான் உடந்தையாக இருந்தது அந்த ஒன்றரை நாள்தான். அதற்காக வெட்கப்படவில்லை.

மறுநாள் மூன்று மணி இருக்கும். மேலே இருந்து ஹாரன் சத்தம் விடாமல் வந்தது. விட்டு விட்டு அடிக்கிற ஹாரன் வேறு, கையை எடுக்காமல் அடிக்கிற ஹாரன் வேறு. கணவாயில் இருக்கிறவனுக்கு அது தெரியும். "ஓடுங்க, மேட்ட விட்டு ஓடுங்க" என்று கத்தினேன். பெண்கள் கூடையைப் போட்டுவிட்டுப் பாறைப் பக்கம் ஓடினார்கள்.

புளி மூட்டை ஏற்றிய லாரி. கிளீனர் கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே தொங்கினான். கையில் சக்கரத்துக்குக் கொடுக்கிற கட்டை, அதை எங்கே போடுவதென்று தெரியாமல் பிடித்திருந்தான். நான் சுண்ணாம்புக் கோடு போட்ட அதே இடத்தில் வண்டி சாலையை விட்டது. மண்மேட்டில் மூக்கைக் குத்தியது. முன்சக்கரம் இரண்டும் உமிக்குள் இறங்கின. பின்பக்கம் தூக்கி, மூட்டைகள் டிரைவர் தலைக்கு மேலாகப் பறந்து பள்ளத்தில் விழுந்தன. வண்டி ஒரு முறை முனகியது, பிறகு நின்றது. பாறை விளிம்புக்கு வண்டியின் மூக்கு மூன்று முழம் தள்ளி இருந்தது. நான் அளந்திருக்கிறேன்.

கிளீனருக்கு ஒன்றுமில்லை. டிரைவரின் வலது கால் கதவுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே நசுங்கியிருந்தது. கடப்பாரையால் கதவை நெம்பி, கேங் ஆட்களும் நானும் அவரை வெளியே எடுத்தோம். முழு மேடு இருந்திருந்தால் அந்தக் கால் பிழைத்திருக்கும். பல வருஷம் கழித்து அந்த டிரைவர் ஊன்றுகோலோடு என் கடைக்கு வந்தபோது, "மேடு பாதி இருந்துச்சு, காலு பாதி இருக்குது, கணக்கு சரிதான் அண்ணா" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் பெரிய என்ஜினீயர் வந்தார். முன்சீட்டில் அவர், பின்சீட்டில் நம் ஓவர்சியர். மேட்டில் குத்தி நிற்கும் லாரியைப் பார்த்துப் பெரியவர் இறங்கினார். சுற்றி வந்தார். குனிந்து மண்ணைக் கையில் எடுத்து உதிர்த்துப் பார்த்தார். உமியை ஊதினார்.

"நல்ல யோசனையா இருக்கே. யாரு பண்ணினது?"

ஓவர்சியர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "நம்ம ஏற்பாடுதான் சார். கேங்க வெச்சு ரெண்டு நாளா வேலை நடந்திட்டிருக்குது."

பெரியவர் என்னைப் பார்த்தார். நான் மண் ஒட்டிய கையோடு நின்றிருந்தேன். "இவர் யாரு?"

"டீக்கடை வெச்சிருக்கான் சார். எந்நேரமும் மரத்தடியில ஓபி அடிச்சிட்டிருப்பான்."

நான் வாயைத் திறந்தேன். சொல்ல வேண்டியதெல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. அள்ளச் சொன்னது இவர், ஏற்றியது நான், பாதி நின்றதற்குக் காரணம் இது என்று. அப்போது மேஸ்திரி, பெரியவருக்குத் தெரியாமல் என்னைப் பார்த்து, தலையை ஒரு தரம் இடதுபக்கம் அசைத்தார். பாதி மேடு எப்படி நின்றது என்று நான் சொன்னால், ஒன்றரை நாள் கேங் வேலை செய்யவில்லை என்று நானே சாட்சி சொன்னதாக ஆகிவிடும். பன்னிரண்டு குடும்பம். சிரித்த அந்தப் பெண்ணும் அதில் ஒருத்தி. வாயை மூடிக்கொண்டேன்.

"ஓபி அடிக்கற ஆளு மண்ணுக் கையோட நிக்கறானே" என்றார் பெரியவர். பதிலுக்குக் காத்திருக்காமல் வண்டியில் ஏறிவிட்டார்.

எழுபதுகளில் அந்த இடத்தில் கல் வைத்துக் கட்டி, மேட்டைப் பெரிதாக்கி, ஓவர்சியர் பெயர் போட்ட பலகை நட்டார்கள். ஓவர்சியருக்குப் பதவி உயர்ந்தது. ஒரு நாள் அவர் காரில் சேலம் போகிற வழியில் என் ஓட்டுக் கூரைக் கடையில் சாப்பிட இறங்கினார். இலை போட்டுப் பரிமாறிவிட்டு, தண்ணீர் வைக்கிறபோது மெதுவாகச் சொன்னேன்.

"சார், அந்தப் பலகையில ஒரு ஓரத்துல என் பேரையும் எழுதச் சொல்லலாங்களே."

சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். "எழுத்துல எங்கயாச்சும் இருக்குதாய்யா, நீ பண்ணினேன்னு?"

"எனக்கு எழுத்து வராதுங்க. மண்ணுல இருக்குது."

"மண்ணுல இருக்கறத மழை கரைச்சிரும்" என்றார். சாப்பிட்டுவிட்டு, கை கழுவி, பழைய பழக்கத்தில் காசு கொடுக்காமல் காரில் போய் ஏறிக்கொண்டார். என் வீட்டுக்காரி இலையை எடுக்கும்போது, "அந்தாளு ஓபியெல்லாம் விட்டுட்டாரு போல, ஓசிய மட்டும் விடல" என்றாள். நாற்பது வருஷக் குடித்தனத்தில் அவள் சொன்ன நகைச்சுவை அது ஒன்றுதான், அதையும் அவர் கேட்கவில்லை.

மூன்றாம் வகுப்பில் படித்ததெல்லாம் எப்போதோ மறந்துபோயிருந்தது; இப்போது எனக்கு எழுத்து வருகிறது. எழுபது தாண்டிய பிறகு பேத்தியின் நோட்டில் பழகிக்கொண்டேன். மேஸ்திரி இல்லை. அந்தக் கேங்கில் யாரும் இன்று அரசாங்கக் கூலியில் இல்லை, ஆஜர் போடாமல் விட யாராலும் முடியாது. என் வாயை மூடவைத்த காரணம் தீர்ந்துவிட்டது.

சங்கத்துக்காரர்களுக்குச் சொல்கிறேன். அடுத்த மலரில் அந்தக் கட்டுரையைத் திருத்திப் போடுங்கள். அவர் பெயரை எடுக்கச் சொல்லவில்லை. கல் கட்டியது அவர் காலத்தில்தான், இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் கல்லுக்குக் கீழே இருக்கிற மண் என்னுடையது. அதைத் தட்டிய டிரைவர்களும் கிளீனர்களும் என் டீயைக் கூலியாக வாங்கியவர்கள், ஓசியில் குடித்தவர்கள் இல்லை. பாதி மேடு நின்றதும் ஒரு உயிர் நின்றதும், கேங் ஆட்கள் என் பேச்சைக் கேட்டு ஒன்றரை நாள் ஓபி அடித்ததால். ஓசி எது, ஓபி எது, அதை யார் செய்தார்கள் என்று பிரித்து எழுதுங்கள். வளைவில் இருக்கிற பலகையில் என் பெயரை எழுதுங்கள். பெயின்ட்டுக்கு ஆகிற செலவை நான் கொடுக்க மாட்டேன். அது என் உரிமை, ஓசி இல்லை.